சிப்பியின் முழுக்கதை

அன்புள்ள மகளே,

மறைக்கல்வி வகுப்பில் முத்தை வைத்துப் பாடம் சொல்லப்போவதாக எழுதியிருந்தாய். சிப்பிக்குள் மணல் புகுந்து உறுத்துகிறது, அது வலியைப் பொறுத்துப் பொறுத்து மணலை முத்தாக்குகிறது என்ற உவமை போதுமா என்றும் கேட்டிருந்தாய். தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு முத்தைவிடப் பொருத்தமாக வேறு எதைக் காட்டுவது! ஆனால் அந்த மணலை மட்டும் விட்டுவிடு. இயற்கையைக் காட்டி இறைவனைப் பேசுகிறவர்கள் முதலில் இயற்கைக்கு உண்மையாக இருக்கவேண்டும். முழு விவரத்தையும் சொன்ன பிறகும் எந்தப் பாடம் நிற்கிறதோ, அதைத்தான் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம்.

சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளி முத்தாகிறது என்று நம் நாட்டில் நம்பினார்கள். 4ஆம் நூற்றாண்டில் முத்தைப் பற்றிப் பாடல்கள் இயற்றிய சிரிய நாட்டுப் புனித எப்ரேமின் காலத்தில், மின்னல் பட்டுச் சிப்பி முத்தைக் கருத்தரிக்கிறது என்ற எண்ணம் இருந்தது. அதில் அவர் கன்னி மரியிடம் கிறிஸ்து பிறந்ததைக் கண்டார். மணல் கதையும் அவற்றின் தம்பிதான். மன்னார் வளைகுடாவின் பார்கள் எனப்படும் கடலடித் திட்டுகளில் பாறையைப் பற்றிக்கொண்டு வாழும் சிப்பிக்குள் மணல் போவதும், அதை அது வெளியே தள்ளுவதும் அன்றாடம் நடப்பவை. ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டிப் போர்வைபோல் மெல்லிய சதை ஒன்று இருக்கிறது. ஓட்டைக் கட்டுவதும் உள்ளே பளபளப்பைப் பூசுவதும் அதன் வேலை. ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ அந்தப் போர்வையின் செல்கள் இடம் மாறி உடலுக்குள் சிக்கிக்கொண்டால், அங்கே ஒரு பையாக வளர்ந்து, அதே பூச்சை அடுக்கடுக்காகப் படியவிடும். அதுதான் முத்து. இதற்குச் சாட்சி நம் ஊரிலேயே உண்டு. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். சிப்பி ஓட்டில் கடைந்த மணியோடு, வேறொரு சிப்பியின் போர்வைத் துண்டையும் சேர்த்து உள்ளே வைப்பது அந்த முறை. மணியை மட்டும் வைத்தால் முத்து வராது.

இப்போது பாடத்துக்கு வா. ஓட்டின் உட்பூச்சும் முத்தும் ஒரே பொருள். சுண்ணாம்பும் சிறிது புரதமும். ஆபத்துக்கென்று தனி மருந்து எதையும் சிப்பி சேர்த்து வைத்திருக்கவில்லை. நாள்தோறும் தன் வீட்டுச் சுவருக்குப் பூசுவதையே காயத்தின் மீதும் பூசுகிறது. மரம் அதன் கனியால் அறியப்படும் என்று லூக்கா நற்செய்தியில் இயேசு சொன்னதற்கு இது எவ்வளவு அருகில் வருகிறது பார்! ஆனால் ஓர் எச்சரிக்கை. வளர்ப்பு முத்துக்காகப் போர்வைத் துண்டு எடுக்கப்பட்ட சிப்பி செத்துப்போகிறது. உடனே கல்வாரிக்குத் தாவ மனம் வரும். தாவாதே. அந்தச் சிப்பி தன்னைக் கொடுக்கவில்லை, மனிதன் அறுத்தான். இயேசு தம் உயிரைத் தாமாகவே கொடுத்தார் என்பதுதான் யோவான் நற்செய்தியின் அழுத்தம். அது இல்லாத உவமை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் நம்பிக்கையைத் திரித்துவிடும்.

மணல் கதை ஆறுதல் தருகிறதே, அதை ஏன் கெடுக்கவேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அது தரும் ஆறுதலையே சோதித்துப் பார். சலாபம் என்னும் முத்துக்குளிப்புக் காலத்தில் திறக்காத சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் எடுத்தார்கள். நல்ல முத்து கிடைத்தது மிகச் சிலவற்றில். பார்களில் சிப்பி இல்லாமல் 1928க்குப் பிறகு 1955 வரை சலாபமே நடக்கவில்லை. 1961க்குப் பிறகு இன்றுவரை இல்லை. துன்பமெல்லாம் முத்தாகும் என்று சொல்லிக் கொடுத்தால், தகப்பனைக் கடலில் இழந்த பிள்ளை தன் முத்து எங்கே என்று தேடிக்கொண்டே இருக்கும். இயேசு காட்டு மலர்களைக் கவனிக்கச் சொன்ன இடத்தில், மத்தேயுவின் கிரேக்க மூலத்தில் உள்ள வினைச்சொல் நன்றாகக் கற்றறிவதைக் குறிப்பது. மேலோட்டமாகப் பார்த்து உருகுவதற்கு அங்கே இடமில்லை.

இன்னொரு கேள்வி கடினமானது. கடலில் பாடம் உண்டென்றால் சுனாமியிலும் உண்டா என்று ஒரு பையன் கேட்பான். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகள் ஏராளமானோர் அலையில் மாண்டார்கள். தூத்துக்குடியில் சேதம் அதைவிட மிகக் குறைவு. இலங்கை அலைக்குக் குறுக்கே கிடந்தது அதற்கு ஒரு காரணம். இதை வைத்து யார் நல்லவர், யார் கெட்டவர் என்று கணக்குப் போட முடியுமா? சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரைப் பற்றி அப்படிக் கணக்குப் போட இயேசு இடம் கொடுக்கவில்லை. கடல் படைத்தவரின் கைவேலையைக் காட்டும். அவர் யாரை நேசிக்கிறார் என்பதை நாம் சிலுவையிலிருந்து அறிந்துகொண்டு, பிறகுதான் கடலைப் பார்க்கப் போகிறோம். இதை அந்தப் பையனிடம் மழுப்பாமல் சொல்.

வகுப்புக்கு ஒரு சிப்பி ஓட்டை எடுத்துப் போ. வெளிப்பக்கக் கரடுமுரடைப் பிள்ளைகள் முதலில் விரலால் தடவிப் பார்க்கட்டும். பிறகு உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டு. அவர்கள் கேட்கும் கேள்விகளை எனக்கு எழுதி அனுப்பு.

இயேசுவில் அன்புடன்,
உன் சித்தப்பா