தொட்டி விளக்கும் சோக்கும்
ஆய்வகக் கடல்நீர்த் தொட்டியின் 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு ஒரு நாள் எரிய மறுத்தது. அடியிலிருந்த கடற்சாமந்தி மறுநாளே சுருங்கிற்று. அதன் உடலில் குடியிருக்கும் நுண்பாசி ஒளியைக் கொண்டுதான் அதற்கு உணவு சமைக்கிறது. எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

பல்பை மாற்றியும் பயனில்லை. பெட்டியைத் திறந்தால் கருகல் நாற்றம்! குற்றம் சோக்கில்தான். நண்பர்களே, இவ்விளக்கில் ஒளிர்வது இழையன்று. வாயுவினூடே பாயும் மின்வில். மின்னோட்டம் கூடக் கூட அதன் தடை குறையும். தடுப்பாரில்லையேல் ஓட்டம் எல்லை மீறி விளக்கையே அழித்துவிடும். அதற்கிட்ட கடிவாளமே சோக்: இரும்புத் தகடுகளின்மேல் சுற்றிய செம்புக் கம்பி.

அலமாரியில் வெளிநாட்டுச் சோக் ஒன்று கிடந்தது. வாட்டும் வோல்ட்டும் சரியே. ஆனால் 60 சைக்கிளுக்குரியது. நம் மின்சாரம் 50. சைக்கிள் குறைந்தால் சுருளின் தடுப்பும் ஆறிலொரு பங்கு குறையும். ஓட்டம் மிகுந்து அதுவும் கருகும். கை துறுதுறுத்தது, வைத்துவிட்டேன்.

கடைத்தெருவில் 50 சைக்கிள் சோக் வாங்கினேன். மின்னிணைப்பைப் பிடுங்கி, கண்டென்சரில் தேங்கிய மின்சாரத்தை வடித்து, கம்பிகள் இருந்த முறையைத் தாளில் வரைந்துகொண்டு மாற்றினேன். இக்னிட்டர் துடித்தது, மங்கலாய்த் தொடங்கிய ஒளி சில நிமிடங்களில் வெள்ளையாயிற்று. ஆர்வத்தில் அணைத்துப் போட்டேன், எரியவில்லை! சூடான விளக்கு ஆறப் பத்து நிமிடமாவது வேண்டுமென்பது அப்புறம்தான் நினைவு வந்தது. காத்திருந்தேன், எரிந்தது. அடுத்த நாள் மாலை சாமந்தி விரிந்தது.