மேடையில் லேப்டாப்பும் கீபோர்டும்: கச்சேரிக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, சர்ச் ஆராதனை எதுவானாலும் இப்போது கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு லேப்டாப் இருக்கிறது. வீணையிலிருந்து ஸ்ட்ரிங்ஸுக்கும், அங்கிருந்து புல்லாங்குழலுக்கும் ஒரே பெடலில் தாவ முடிகிறது. வசதிதான். ஆனால் கீபோர்டை ஆன் செய்தால் வாசித்துவிடலாம், லேப்டாப் அப்படியில்லை. கல்யாணச் சமையலுக்கு முந்தின இரவே காய் நறுக்கி வைப்பதைப் போல, அதற்கான வேலையையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். மேடையில் வாசிக்க மட்டும்தான் நேரம் இருக்கும்.

1. முதலில் மென்பொருள். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளின் மெயின்ஸ்டேஜ் போதும், விலையும் குறைவு. அது விண்டோஸில் ஓடாது. விண்டோஸ்காரர்கள் கேன்டபைலைப் பார்க்கலாம். அதன் லைட் பதிப்பு இலவசம். கிக் பர்ஃபார்மர் இரண்டிலும் ஓடும். பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோ மென்பொருளையே மேடைக்கும் கொண்டுவருகிறவர்கள் உண்டு. வேலை நடக்கும், ஆனால் ஒலியை மாற்றும் இடத்தில் கஷ்டப்படுவார்கள். மேடைக்கென்றே எழுதப்பட்டவற்றில், விரல் பிடித்திருக்கும் கடைசி ஸ்வரம் அறுபடாமலே அடுத்த ஒலிக்குப் போய்விடலாம்.

2. கீபோர்டின் பின்புறம் சதுரமான யூ.எஸ்.பி. துளை இருந்தால் சாதாரண பிரிண்டர் கேபிளே போதும். இரண்டு, மூன்று மீட்டர் நீளத்தில் வாங்குங்கள். ஐந்து மீட்டருக்கு மேல் போனால் நம்ப முடியாது. சில ரோலண்ட், யமஹா மாடல்களுக்கு அந்த நிறுவனத்தின் டிரைவரை ஏற்றினால்தான் லேப்டாப் கீபோர்டை அடையாளம் காணும். இதைக் கச்சேரி நாளில் கண்டுபிடிக்க வேண்டாம்.

3. ஐந்து ஊசி வட்டத் துளை மட்டும் உள்ள பழைய கீபோர்டா? தூக்கிப் போடாதீர்கள். மிடி என்ற அந்த ஏற்பாடு 1983-ல் வந்தது. அந்தக் காலத்துக் கருவியும் இன்றைய லேப்டாப்பும் இன்னும் அதே மொழியில்தான் பேசிக்கொள்கின்றன. கீபோர்டின் 'அவுட்' துளையிலிருந்து, லேப்டாப்போடு இணையும் மிடி இன்டர்ஃபேஸின் 'இன்' துளைக்குக் கேபிள் போக வேண்டும். புதிதாக இணைப்பவர்கள் 'இன்'னையும் 'இன்'னையும் சேர்த்துவிட்டு, கீபோர்டு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

4. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து மிக்சருக்கு ஒயர் இழுக்காதீர்கள். ஒயரில் கால் பட்டாலே சின்ன பின் கழன்றுவிடும், இரைச்சலும் சேரும். இரண்டு அவுட்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று அவசியம். விண்டோஸில் அதன் சொந்த ஏசியோ டிரைவரைப் போடுங்கள். சொந்த டிரைவர் இல்லாத மலிவுக் கருவிக்கு ஏசியோ4ஆல் என்ற இலவச மாற்று இருக்கிறது, அவசரத்துக்கு ஆகும். யூ.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இன்டர்ஃபேஸாக இருந்தால் நல்லது. ஏன் என்பது 15-வது குறிப்பில்.

5. விரல் அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் நடுவே உள்ள தாமதத்தைத் தீர்மானிப்பது 'பஃபர்' என்ற எண். 44,100 சாம்பிள் வேகத்தில் 128 என்று வைத்தால் சுமார் 3 மில்லிசெகண்ட், 256 என்றால் சுமார் 6, 512 என்றால் சுமார் 12. டிரைவர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். 32-க்குக் குறைத்துவிட்டேன் என்று பெருமைப்படுகிறவர்களை நம்பாதீர்கள். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்கவே சுமார் 3 மில்லிசெகண்ட் ஆகிறது. மானிட்டர் ஸ்பீக்கர் மூன்று மீட்டர் தள்ளியிருந்தால் 9 மில்லிசெகண்ட் அங்கேயே போய்விடுகிறது; அதை யாரும் குறை சொல்வதில்லை. வீட்டில் 128, மேடையில் 256 என்று வைத்துக்கொண்டால் 'படபட' என்ற வெடிப்புச் சத்தம் வராது, கைக்கும் வித்தியாசம் தெரியாது.

6. புளூடூத் ஸ்பீக்கர், புளூடூத் ஹெட்ஃபோன் இரண்டும் வாசிப்பதற்கு உதவாது. தாமதம் பெரும்பாலும் நூறு மில்லிசெகண்டைத் தாண்டிவிடும்.

7. கச்சேரி நடுவே வாட்ஸ்அப் 'டிங்' என்று மண்டபம் முழுக்கக் கேட்டால் சிரிப்பு நிச்சயம், அடுத்த கச்சேரி சந்தேகம். விண்டோஸ் ஒலிகளை 'இல்லை' என்று மாற்றுங்கள். லேப்டாப்பின் பொது ஒலியை அதன் சொந்த ஸ்பீக்கருக்கே விட்டுவிட்டு, இன்டர்ஃபேஸை இசை மென்பொருளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். தூங்கும் வசதி, திரை அணைதல், யூ.எஸ்.பி. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் 'செலக்டிவ் சஸ்பெண்ட்' எல்லாம் நிறுத்தப்பட வேண்டியவை. வைஃபையையும் அணையுங்கள். காரணமில்லாமல் ஒலி விட்டுவிட்டு வந்தால் பல சமயம் வைஃபை டிரைவர்தான் குற்றவாளி. லேட்டன்சிமான் என்ற சிறு மென்பொருளை ஓடவிட்டால் யார் இடைஞ்சல் செய்வது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

8. இன்டர்நெட் இல்லாமல் ஒரு முறை எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். சில ஒலித் தொகுப்புகள் உரிமத்தைச் சரிபார்க்க இணைய இணைப்பைக் கேட்கும். கிராமத்துத் திடலில் சிக்னல் கிடைக்கும் என்று யார் உத்தரவாதம் தருவார்கள்? உரிமத்தை லேப்டாப்பிலேயே பதிந்துகொள்ளும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

9. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதா? அப்படியே விடுங்கள். அப்டேட்டுக்கு ஆடி மாதம் நல்ல காலம். முகூர்த்தம் இருக்காது, ஏதாவது கெட்டாலும் சரிசெய்ய ஆவணி வரை நேரம் உண்டு. அம்மன் கோயில் கச்சேரிக்காரர்களுக்குத்தான் ஆடியில் மூச்சுவிட நேரமில்லை. அவர்கள் மார்கழியைப் பார்க்கலாம். சர்ச்சில் வாசிப்பவர்களுக்கு அதுவும் கிறிஸ்துமஸ் நேரம். அவரவர் ஓய்வு மாதத்தை அவரவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

10. பாட்டுப் பட்டியலை வரிசையாக அடுக்கி, பெடலை அழுத்தினால் அடுத்தது வரும்படி செய்வது எல்லா மென்பொருளிலும் எளிது. நம் ஊர்க் கச்சேரிக்கு அது மட்டும் போதாது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சீட்டு வரும், வரிசை அத்தோடு போச்சு. அதனால் ஒவ்வொரு பேட்ச்சுக்கும், அதாவது பாட்டுக்கென்று அமைத்து வைத்த ஒலிக்கும், பாட்டின் முதல் சொல்லையே பெயராக வையுங்கள், தேடினால் கிடைக்கும். பட்டியலிலேயே இல்லாத பாட்டுக்காக, பியானோவும் ஸ்ட்ரிங்ஸும், ஃப்ளூட், வீணை, நாதஸ்வரம், ஆர்கன் என்று பொதுவாக ஐந்தாறு பேட்ச்களை மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கச்சேரி அவற்றிலேயே ஓடிவிடும்.

11. பாடுகிறவர் கட்டைக் கணக்கில் கேட்பார், மென்பொருள் செமிடோன் கணக்கில் கேட்கும். இதை ஒரு அட்டையில் எழுதி கீபோர்டில் ஒட்டிவிடுங்கள்: 1 கட்டை என்பது 0, 1½ என்பது 1, 2 என்பது 2, 2½ என்பது 3, 3 என்பது 4, 4 என்பது 5, 4½ என்பது 6, 5 என்பது 7, 5½ என்பது 8, 6 என்பது 9, 6½ என்பது 10, 7 என்பது 11. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே அரைக் கட்டை இல்லை என்பதை மறந்தால் கணக்கு ஒன்று பிசகும். 4 கட்டையில் அமைத்திருக்கும் பாட்டை 5½ கட்டையில் கேட்டால், எட்டில் ஐந்து போக மூன்று, டிரான்ஸ்போஸில் +3. ஏற்றம் +6-ஐத் தாண்டினால் 12-ஐக் கழித்துக் கீழே இறக்குங்கள், ஒலி கீச்சிடாது. டிரான்ஸ்போஸை மென்பொருளில் அல்லது கீபோர்டில், ஏதாவது ஓரிடத்தில் மட்டும் செய்ய வேண்டும். தபலா, டிரம் ஒலிகள் வைத்திருக்கும் கீகளை டிரான்ஸ்போஸிலிருந்து விலக்கி வைக்காவிட்டால் 'தா' வர வேண்டிய இடத்தில் வேறேதோ வரும்.

12. எல்லாப் பேட்ச்சும் ஒரே சத்த அளவில் இருக்க வேண்டும். ஹெட்ஃபோனில் சரிபார்ப்பது போதாது. ஸ்பீக்கரில், கொஞ்சம் உரக்க வைத்துக் கேளுங்கள். மீட்டர் சிவப்பைத் தொடவே கூடாது. பத்து விரலும் அழுந்தியிருக்க, மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் நல்லது. மீதியை மிக்சர்காரர் பார்த்துக்கொள்வார்.

13. பல மண்டபங்களில் சவுண்டு சிஸ்டம் மோனோதான். வீட்டில் ஸ்டீரியோவில் பிரமாதமாக விரிந்த பியானோ, மோனோவில் ஒடுங்கி உள்ளே போய்விடும். ஒவ்வொரு பேட்ச்சையும் ஒரு முறை மோனோவில் கேட்டுவிடுங்கள்.

14. சஸ்டெயின் பெடலைச் செருகிவிட்டுக் கீபோர்டை ஆன் செய்யுங்கள். ஆன் செய்யும்போது பெடல் மேல் கால் இருக்கக் கூடாது. பல கீபோர்டுகள் ஆன் ஆகும் நொடியில்தான் பெடலின் நிலையைப் படிக்கின்றன. இல்லாவிட்டால் மிதித்தால் அடங்கி, எடுத்தால் நீளும்.

15. ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடி. லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது, பிழைத்துக்கொள்ளும். யூ.எஸ்.பி. மின்சாரத்தில் ஓடும் இன்டர்ஃபேஸும் பிழைக்கும். தனி அடாப்டர் போட்ட இன்டர்ஃபேஸ் அணைந்து எழும், மென்பொருள் அதைக் கைவிட்டிருக்கும். கீபோர்டும் முதலிலிருந்து ஆன் ஆகும். வீட்டில் கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்றைக் கொண்டுபோய், அதில் கீபோர்டையும் இன்டர்ஃபேஸையும் மட்டும் மாட்டுங்கள். ஆம்ப்ளிஃபயரை அதில் மாட்டாதீர்கள், தாங்காது.

16. 'ம்ம்ம்' என்ற தாழ்ந்த உறுமல் கேட்டால் எர்த் பிரச்சினை. 'ஈஈ' என்ற மெல்லிய கிறீச்சல் என்றால் லேப்டாப் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள்; பிடுங்கிப் பாருங்கள், நின்றுவிட்டால் அதுதான். இரண்டுக்கும் மருந்து டி.ஐ. பாக்ஸ்: ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ளதாக, 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கீபோர்டு, லேப்டாப், மிக்சர் மூன்றுக்கும் ஒரே லைனிலிருந்து மின்சாரம் எடுப்பதும் உதவும். மூன்று ஊசி பிளக்கின் எர்த் ஊசியை உடைத்துச் சத்தத்தை நிறுத்தும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது உயிரோடு விளையாடுவது. மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்றால் வாசிப்பை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

17. ஒரு ஸ்வரம் ஒட்டிக்கொண்டு நிற்காமல் கத்துகிறதா? மேடை மென்பொருள்களில் 'பேனிக்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைக் கைக்கு எட்டும் ஒரு பேடுக்கோ பெடலுக்கோ ஒதுக்கிவிடுங்கள். மௌஸைத் தேடும் நேரத்தில் பாட்டே முடிந்துவிடும்.

18. மைனஸ் ட்ராக்கோடு வாசிப்பவர்களுக்கு: டிரம்மருக்குப் போகும் கிளிக் சத்தம் மண்டபத்துக்குப் போகக் கூடாது. நாலு அவுட்புட் இன்டர்ஃபேஸ் இருந்தால் 1, 2-ல் இசை, 3-ல் கிளிக். இரண்டுதான் உண்டென்றால் இடது பக்கம் கிளிக், வலது பக்கம் இசை, எப்படியும் மோனோதானே.

19. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். கீபோர்டை லேப்டாப்போடு இணைத்ததும் ஒலி இரட்டையாகக் கேட்கும், ஏனென்றால் கீபோர்டின் சொந்த ஒலியும் கூடவே வரும். இதற்கு 'லோக்கல் கன்ட்ரோல்' என்பதை ஆஃப் செய்யச் சொல்வார்கள். வீட்டுப் பயிற்சிக்குச் சரி. மேடையில் ஆஃப் செய்துவிட்டால், லேப்டாப் நின்ற நொடியில் கீபோர்டும் ஊமை. அதற்குப் பதிலாக லோக்கலை ஆனிலேயே விட்டு, கீபோர்டின் லைன் அவுட்டை மிக்சரில் தனிச் சேனலில் போட்டு, அந்தச் சேனலை மட்டும் மியூட்டில் வையுங்கள். லேப்டாப் மக்கர் செய்தால் மிக்சர்காரருக்கு ஒரு கை சைகை. மியூட் எடுக்கப்படும், பாட்டு நிற்காது. கீபோர்டில் முன்கூட்டியே ஒரு நல்ல பியானோவைத் தேர்ந்து வைத்திருங்கள். 'மியூட்டை எப்போது எடுக்க வேண்டும்' என்று மிக்சர்காரரிடம் கச்சேரிக்கு முன்பே, டீ குடிக்கும்போது சொல்லிவிடுங்கள்.

20. திறந்தவெளி மேடையில் மாலை வெயில் லேப்டாப் மேல் நேராக விழாமல் பாருங்கள். சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது வேகத்தைக் குறைக்கும், ஒலி வெட்டுப்படும். மேசை விரிப்பின் மேல் வைக்காமல், அடியில் காற்று போகும் ஸ்டாண்டில் வையுங்கள்.

21. ஆன் செய்யும்போது ஆம்ப்ளிஃபயர் கடைசி. அணைக்கும்போது அதுதான் முதல். நடுவில் ஒயரைப் பிடுங்க வேண்டுமென்றால் சேனலை மியூட் செய்யச் சொல்லிவிட்டுப் பிடுங்குங்கள்.

22. வீட்டுக்கு வந்ததும் கேபிளை முழங்கையில் இறுக்கிச் சுற்றாதீர்கள், உள்ளே கம்பி முறுக்கிக்கொண்டு சீக்கிரம் அறும். அதன் போக்கிலேயே பெரிய வளையமாகச் சுற்றி வெல்க்ரோ பட்டை போடுங்கள். கீபோர்டின் மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்தினாலே தூசி பாதி குறையும். பையின் அறைகளில் பிஸ்கட் துணுக்கு இருந்தால் எறும்பு வரும், எலியும் வரும். எலிக்குப் பிடித்தது ஒயர்.

23. பணம் குறைவாக இருக்கும்போது வாங்க வேண்டிய வரிசை: முதலில் இன்டர்ஃபேஸ், அடுத்து டி.ஐ. பாக்ஸ், அடுத்து உறுதியான சஸ்டெயின் பெடல், பிறகு உபரிக் கேபிள்கள். விலை உயர்ந்த ஒலித் தொகுப்பு கடைசியில்தான். மண்டபத்து ஸ்பீக்கரில் அதற்கும் சாதாரணப் பியானோவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் உங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்.