எஸ்குலென்டஸ், எஸ்குலென்டா, எஸ்குலென்டம்

காஞ்சிபுரத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, லத்தீன் பெயர்களை அர்த்தம் தெரியாமல் உருப்போடாதீர்கள். ராஜாஜி மார்க்கெட்டில் கிடைக்கும் காய்கறிகளே அந்த இலக்கணத்தைக் கற்றுத்தரும்.

1. பொருளை முதலில் பிடியுங்கள். லத்தீனில் 'எஸ்கா' என்றால் உணவு. அதிலிருந்து பிறந்த பெயரடை எஸ்குலென்டஸ்: உண்ணத்தக்கது.

2. விகுதியைப் பாருங்கள். வெண்டை ஏபெல்மாஸ்கஸ் எஸ்குலென்டஸ். சேப்பங்கிழங்கு கொலகேசியா எஸ்குலென்டா. தக்காளியின் பழைய பெயர் லைகோபெர்சிகான் எஸ்குலென்டம். முன்னால் நிற்கும் பேரினப் பெயர் ஆண்பாலா, பெண்பாலா, இரண்டும் அல்லாததா என்பதே விகுதியை முடிவுசெய்கிறது. நல்ல பையன், நல்ல பெண், நல்ல மரம் என்று நம் 'நல்ல' மாறாமல் நிற்கும். லத்தீன் பெயரடையோ வந்தான், வந்தாள், வந்தது போலப் பாலுக்கேற்ப மாறும்.

3. பேரினம் மாறினால் விகுதியும் மாறும். 1753இல் லின்னேயஸ் சேப்பங்கிழங்குக்கு வைத்த பெயர் ஏரம் எஸ்குலென்டம். 1832இல் ஷாட் என்ற தாவரவியலாளர் அதைக் கொலகேசியாவில் சேர்த்தார். கொலகேசியா பெண்பால், அதனால் எஸ்குலென்டா ஆயிற்று.

4. 'எடுலிஸ்' என்பதற்கும் அதே பொருள்தான். ஆனால் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே வடிவம். இரண்டும் அல்லாததற்கு மட்டும் 'எடுலே'. பேஷன் பழம் பாசிஃபுளோரா எடுலிஸ். சௌசௌ சீக்கியம் எடுலே.

5. பேரினத்தின் கடைசி எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். அரசமரம் ஃபைகஸ் ரிலிஜியோசா. 'அஸ்' என்று முடிந்தாலும் ஃபைகஸ் பெண்பால்; மரப்பெயர்கள் பலவற்றைப் பெண்பாலாகக் கொள்வது லத்தீன் மரபு. ஐயம் வந்தால் நூலைப் புரட்டுங்கள்.

6. பெயரை நம்பிப் பச்சையாகத் தின்னாதீர்கள். மரவள்ளியும் மானிஹாட் எஸ்குலென்டாதான்; ஆனால் பக்குவப்படுத்தாமல் தின்றால் அதிலிருந்து சயனைடு நஞ்சு வெளிப்படும். சேப்பங்கிழங்கில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. சரியாக வேகாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். உண்ணலாம் என்பதை மட்டுமே பெயர் சொல்கிறது. எப்படி உண்பது என்பதைச் சமைக்கத் தெரிந்த அம்மாக்களிடமும் பாட்டிகளிடமும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் தாவரவியல்தான்.

7. தினமும் பழகுங்கள். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியிலிருந்தே தொடங்கலாம்: அரிசி ஒரைசா சட்டைவா, மிளகு பைப்பர் நைக்ரம், சுக்கு ஜிஞ்சிபர் அஃபிசினாலே. ஒவ்வொன்றிலும் பெயரடை எது, அதன் பால் என்ன, ஏன் அந்த விகுதி என்று உங்களையே கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்துவிட்டால், புதிதாக வரும் எந்தப் பெயரையும் பிழையில்லாமல் எழுதுவீர்கள்.