சைக்கிளுக்கு ஏ4 வேண்டாம், தோட்டப் பாதையே நல்லது

அவிசாவளையிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் ஏ4 வீதியில் பஸ்ஸும் லொறியும் முந்தும்போது சைக்கிள் ஒதுங்கப் பல இடங்களில் ஓரமே இல்லை. சுற்றானாலும் தேயிலை, இறப்பர் மலைகளுக்குள் போகும் தோட்டப் பாதையே மேல். மேடு மூச்சு வாங்குமே என்பார்கள். கொழுந்து லொறி பாரத்தோடு ஏறவென்று மலையைச் சுற்றி வெட்டிய பாதை அது. ஏற்றம் நீளும், ஆனால் செங்குத்தாக நிமிர்வது குறைவு. மழைதான் நியாயமான கவலை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு கொட்டும். ஆகவே விடியலிலேயே கிளம்புங்கள். றிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை முதலில் தண்ணீரை வழித்துவிட்டுத்தான் பிடிக்கும். அதனால் இறக்கத்துக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்தி வாருங்கள். இறப்பர் சருகு மூடிய வளைவில் முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் சில்லு வழுக்கும். தோட்ட வாசலில் காவற்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். லயத்துப் பக்கம் மணியடித்து மெல்லப் போக வேண்டும். பிள்ளைகள் விளையாடுவது அந்தப் பாதையில்தான்.