இந்த மாதப் பாடம்: முழு பலத்தோடு பயிற்சி செய்வது எப்படி?



சிறுசேரி, தாழம்பூர், படூர் பக்கம் குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "எம் பொண்ணு போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயார் பண்றா. தினமும் விடியக்காலையில ஒரு மணி நேரம் ஓடுறா. ஆனா நீளம் தாண்டுறதுல தேற மாட்டேங்குறா, ஏன் மேடம்?"

முதலில் தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்போம். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். இது கொஞ்சம் வேகமான மெல்லோட்டம்தான். ஒரு மாதம் ஒழுங்காக ஓடினால் பெரும்பாலான பிள்ளைகள் முடித்துவிடுவார்கள். மதிப்பெண் கிடைப்பது அதற்கு அடுத்த கட்டத்தில். நீளம் தாண்டுதலில் 3 மீட்டர் தாண்டினால் ஒரு ஸ்டார், 3.75 மீட்டர் தாண்டினால் இரண்டு ஸ்டார். 100 மீட்டர் ஓட்டத்தில் 17.5 விநாடிக்கு ஒன்று, 15.5 விநாடிக்கு இரண்டு. (அந்தந்த வருட அறிவிப்பை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) இவற்றுக்கு வேண்டியது மூச்சு மட்டும் இல்லை, கால் பலம். மெதுவாக ஒரு மணி நேரம் ஓடினால் மெதுவாக ஓடத்தான் பழகும். தாண்டும் பலம் அதில் வராது.

ஒரு அக்கா கேட்டார்: "நாங்க இருபது வருஷமா குடம் தூக்குறோம், எங்களுக்குப் பலம் இல்லையா?" நல்ல கேள்வி. 15 லிட்டர் குடம் என்றால் 15 கிலோ. முதல் வருடம் இடுப்பு வலித்தது, அப்புறம் பழகிவிட்டது. பழகிய பிறகு பலம் கூடவில்லை. நம் உடம்பு கேட்டதை மட்டும்தான் கொடுக்கும், ஒரு பிடி கூடுதலாகக் கொடுக்காது. குடத்தின் எடை கூடினால்தான் உடம்பும் கூட்டிக் கொடுக்கும்.

அதனால் முழு பலத்தோடு பயிற்சி செய்வது என்றால் நாள் பூராவும் வேர்த்துக் கொட்டுவது இல்லை. கொஞ்ச நேரம், ஆனால் உண்மையாகவே கஷ்டமாக. தோப்புக்கரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் உடம்பைச் சூடுபடுத்திவிட்டு, முதுகை நேராக வைத்து உட்கார்ந்து எழ வேண்டும். கடைசி இரண்டு தடவை எழும்போது 'இனி முடியுமா' என்று தோன்ற வேண்டும். முதுகு வளைந்தாலோ முட்டி வலித்தாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும், அது வீரம் இல்லை. மூன்று நிமிடம் ஓய்வு எடுத்து மறுபடி. இப்படி மூன்று சுற்று. 15 தடவை சுலபமாக வந்துவிட்டால் 2 கிலோ மணல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யட்டும், அப்புறம் 4 கிலோ. ஓட்டமும் அப்படியே: 60 மீட்டர் முழு வேகத்தில், ஆறு தடவை, நடுவில் நடந்து திரும்பி நன்றாக மூச்சு வாங்கிய பிறகு. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஓய்வு நாளில்தான் தசை தன்னைச் சரிசெய்துகொண்டு பலமாகிறது. ஓய்வு எடுக்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள்.

ஓ.எம்.ஆர். சர்வீஸ் ரோட்டில் இருட்டில் ஓடுவது வேண்டாம், கம்பெனி பஸ்கள் வரும் நேரம் அது. பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்குங்கள், நாலு பிள்ளைகளாகச் சேர்ந்து போகட்டும். உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் பார்த்துத் திருத்தினால் இன்னும் நல்லது. விளையாட்டுப் பல்கலைக்கழகமே நமக்குப் பக்கத்தில் மேலக்கோட்டையூரில்தான் இருக்கிறது.

"கனம் தூக்கினா கர்ப்பப்பை இறங்கிடும்" என்று பயப்படுகிறவர்கள் கர்ணம் மல்லேஸ்வரியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து ஆந்திரா, ஸ்ரீகாகுளம் பக்கத்துக் கிராமத்துப் பெண். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இரண்டு முறைத் தூக்கலும் சேர்த்து 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அடுத்த வருடமே மகனைப் பெற்றெடுத்தார். படிப்படியாக எடை கூட்டிப் பழகிய உடம்பு அது.

இனி வீட்டு விஷயம். நம் உறுப்பினர்கள் பலர் சிப்காட்டுக்கு ஹவுஸ்கீப்பிங் வேலைக்குக் காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். சமையல், பாத்திரம், தம்பியைக் கிளப்புவது எல்லாம் அந்தப் பொண்ணு தலையில். மைதானத்துக்குப் போகும்போதே பாதி சக்தி போய்விடுகிறது. சாப்பாட்டிலும் அவள்தான் கடைசி. முட்டை தம்பிக்கு, மிச்சக் குழம்பு அவளுக்கு. இப்படி வைத்துவிட்டு 'நீ சரியா முயற்சி பண்ணல' என்று அவளைச் சொல்வது நியாயமா?

மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியைப் பாருங்கள். சின்ன வயதிலேயே அப்பா, அம்மா இரண்டு பேரையும் இழந்தவர். கூலி வேலை செய்து வளர்த்தது பாட்டி. பேத்திகளையும் வேலைக்கு அனுப்பச் சொன்னவர்கள் உண்டு, பாட்டி பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்பினார். ஓட்டப் பயிற்சி என்றதும் அந்தப் பாட்டியும் முதலில் தயங்கினார், பயிற்சியாளர் பேசித்தான் சம்மதிக்க வைத்தார். ஆரம்பத்தில் வெறுங்காலோடு ஓடிய ரேவதி, 2021இல் அதே 400 மீட்டரை 53.55 விநாடியில் ஓடி டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் இடம் பிடித்தார்.

ஒன்று முக்கியம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்த சோகை. இரத்தம் குறைந்த பிள்ளை எவ்வளவு முயன்றாலும் மூச்சு வாங்கும், கண் இருட்டும். அதைச் சோம்பல் என்று நினைத்துவிடுகிறோம். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் டாக்டர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரை, அதோடு முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, முட்டை. சீக்கிரம் பலம் வரும் என்று யாராவது ஊசி, பவுடர் விற்றால் வாங்கவே வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்குள் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பரிசோதனைச் சீட்டைக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். காலை வேலையில் எதை யார் எடுத்துக்கொள்வது என்று வீட்டில் பேசி, அதையும் வந்து சொல்லுங்கள்.