குளிர்காலத்தில் ஸ்பிதிக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய பயணத் திட்டம் கிடைத்தது. ஜனவரிக் கடைசியில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கு, ஆறு நாளில் ஒன்பது ஊர். உன் அம்மா அதைப் பார்த்த அன்றே எனக்குப் போன் போட்டு, "அக்கா, நீங்க சொன்னாத்தான் கேப்பா, வேண்டாம்னு சொல்லிடுங்க" என்றாள். நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. நீ போகத்தான் வேண்டும். ஆனால் இந்தத் திட்டத்தை வைத்துக்கொண்டு போகக் கூடாது. ஒன்பது ஊரில் ஆறை அடித்துவிடு. தாபோ, காஜா, கிப்பர் மூன்றும் போதும். நாட்களை மட்டும் இரண்டு மடங்காக்கு. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் வழி. அடல் சுரங்கப்பாதை 2020-இல் திறந்துவிட்டதால் மணாலி வழியாகவே போய்விடலாம் என்று உன் தோழி குறிப்பு எழுதியிருக்கிறாள். அந்தச் சுரங்கம் ரோதாங் கணவாயின் அடியில் போகிறது. மறுபக்கத்து லாஹௌல் மக்களுக்கு அது குளிர்காலத்திலும் வழி கொடுத்தது உண்மை. ஆனால் ஸ்பிதிக்குப் போக அதற்கு அப்பால் குன்சும் கணவாய் என்று இன்னொன்றைக் கடக்க வேண்டும். 4,500 மீட்டருக்கு மேல் உயரம். நவம்பர் வாக்கில் பனி மூடினால் மே, ஜூனில்தான் திறக்கும். ஆகவே உனக்கு இருக்கும் ஒரே வழி சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகப் போகும் சாலை. ராம்பூர், ரெகாங் பியோ தாண்டி சட்லெஜ் ஆற்றை ஒட்டியே ஏறிப் போய், காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு வந்து கலக்கும் முனையில் திரும்ப வேண்டும். சிம்லாவிலிருந்து காஜா 400 கிலோமீட்டருக்கு மேல். நாகோவுக்குப் பக்கத்தில் மல்லிங் என்ற இடத்தில் மண்சரிவு ஓயாத தொல்லை. பெரிய பனி விழுந்தால் சாலை மூடிவிடும். எல்லைச் சாலைகள் அமைப்பின் ஆட்கள் இயந்திரங்களோடு வந்து வழியெடுப்பார்கள். ஒரு நாளில் முடியலாம், நான்கு நாளும் ஆகலாம். அந்தச் சாலைகளில் கூலிக்கு நிற்பவர்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள், பனியைக் கண்டு வளராதவர்கள். வண்டி நிற்கும்போது இறங்கி அவர்களோடு இரண்டு வார்த்தை பேசு.

இந்த நீண்ட சாலையை நீ நேரவிரயம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். உன் உடம்புக்கு அதுதான் காப்பு. சிம்லா 2,200 மீட்டர் உயரம். ரெகாங் பியோவுக்கு மேலே இருக்கும் கல்பா 3,000 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தாபோ 3,280. காஜா அதற்கும் சில நூறு மீட்டர் மேலே. கிப்பர் 4,200 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேலே போனபின், இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. கிப்பரில் நீ இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய அறுபது சதவீதப் பிராணவாயுதான் இருக்கும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறாதே, அங்கேயே ஓய்வெடு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ இரவென்று பாராமல் கீழே இறங்க வேண்டும். கோடையில் அது நடக்கும். குளிர்காலத்தில் இறங்கும் சாலையே மூடிக் கிடக்கலாம். அதனால்தான் மெல்ல ஏறு என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். மலைநோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதே. டாக்டரைப் பார். உனக்கு சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்று உன் அம்மா முன்பு சொன்ன ஞாபகம், அதை மறக்காமல் சொல்.

இப்போது ஊர்களைப் பற்றி. கோடையில் ஸ்பிதிக்குப் போகிறவர்கள் ஒரு சுற்றுலாத் தலத்துக்குப் போகிறார்கள். குளிர்காலத்தில் நீ போவது ஒரு குடும்பத்தின் அடுக்களைக்கு. இந்த வித்தியாசத்தை உணர்ந்து போனால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

குளிர் இறங்குவதற்குள் அங்கே ஒவ்வொரு வீட்டின் மொட்டைமாடி விளிம்பிலும் விறகும் காய்ந்த புல்லும் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். புல் பசுவுக்கும் கழுதைக்கும் வேண்டிய தீவனம். உள்ளே பார்லி மாவு, பட்டாணி, உலர்ந்த இறைச்சி, உருளைக்கிழங்கு. நம் பாட்டி வீட்டில் குதிர் நிறைய நெல் இருந்தால்தான் ஆடி மாதம் நிம்மதி என்பார்களே, அதே மாதிரிதான். அடுத்த விளைச்சல் கோடையில்தான். ஸ்பிதி ஒரு குளிர்ப் பாலை. ஆற்றோரத்தில் கொஞ்சம் வில்லோ, பாப்லர் மரங்கள் உண்டே தவிரக் காடு என்று ஒன்றில்லை. விறகில் பெரும்பகுதி கீழிருந்து லாரியில் ஏறி வருகிறது. மீதிக்கு வரட்டியும் புதர்ச் சுள்ளியும்.

குளிர்காலத்தில் மொத்தக் குடும்பமும் ஒரே அறைக்கு இறங்கிவிடும். நடுவில் தகர அடுப்பு, கூரையைத் துளைத்துக்கொண்டு போகும் புகைக்குழாய். தந்தூர் என்று அதைச் சொல்கிறார்கள். சுற்றிலும் தரையில் மெத்தைகள், முன்னால் தாழ்ந்த மேசைகள். சமைப்பது, கம்பளி நூற்பது, பிள்ளைகள் படிப்பது, அண்டை வீட்டார் வந்து பேசுவது எல்லாம் அந்த அடுப்பைச் சுற்றித்தான். வீட்டுக்காரி மூடியைத் தூக்கி ஒரு வரட்டியைப் போடுவாள். அது தணலாகும் வரை அடுத்ததைத் தொட மாட்டாள். மேலே கெட்டிலில் தண்ணீர் எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் தேநீர், பிறகு அதே சூட்டில் துக்பா என்னும் நூடுல்ஸ் சூப், கடைசியில் பாத்திரம் கழுவ வெந்நீர். தீயில் ஒரு துளியும் வீணாவதில்லை. படுக்கப் போகும் நேரத்தில் அடுப்பை அணையவிட்டுவிடுவார்கள். வெளியே மைனஸ் இருபதைத் தொடும் இரவு. நீ நடுங்குவதைப் பார்த்தால் விருந்தாளியாயிற்றே என்று இன்னும் விறகைப் போடுவார்கள். அவர்கள் மார்ச் மாதத்துக்கு வைத்திருந்த விறகு அது. உன் அறையில் தனியாக அடுப்பு மூட்டச் சொல்லாதே. அவர்களோடு அந்த ஒரே அறையில் உட்கார். ஸ்பிதியைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது அங்கேதான் நடக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். எந்த விடுதியிலாவது கரி போட்ட அங்கீட்டி என்னும் கணப்புச் சட்டியை அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடு. மூடிய அறையில் அதிலிருந்து வரும் நச்சுவாயு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும். வட இந்தியாவில் குளிர்காலம் தோறும் இப்படிச் சாவு நடக்கிறது. புகைக்குழாய் இல்லாத எந்த நெருப்போடும் நீ தூங்கக் கூடாது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். குழாய்களெல்லாம் உறைந்துவிடும். உறையாத ஊற்றிலிருந்தோ அடிபம்பிலிருந்தோ குடத்திலும் வாளியிலும் சுமந்து வருவார்கள், பெரும்பாலும் பெண்கள்தான். வழுக்கும் பனியில் அந்த நடை எப்படிப்பட்டது என்று ஒரு தடவை கூடப் போய்ப் பார். முடிந்தால் ஒரு வாளியைத் தூக்கி வா. குளிக்க வெந்நீர் கேட்காதே. ஒரு வாரம் குளிக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகாது, அந்தக் குளிரில் உடம்பு நாறுவதுமில்லை.

கழிப்பறை வேறு மாதிரி. மேல்தளத்தில் தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண்குவியல், ஒரு மண்வாரி. வேலை முடிந்ததும் மண்ணோ சாம்பலோ தள்ளிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. கீழறையில் சேர்வது மக்கி, கோடை தொடங்கும்போது வயலுக்கு எருவாகப் போகிறது. நீங்கள் நான்கு பெண்கள் போகிறீர்கள். நாப்கின், ஈரத் திசுத்தாள், சோப்பு உறை எதையும் அந்தத் துளையில் போடக் கூடாது. போட்டால், கோடையில் யாரோ ஒரு பெண் தன் பட்டாணி வயலில் அதைக் கையால் பொறுக்குவாள். நல்ல கெட்டிப் பை எடுத்துப் போய், எல்லாவற்றையும் சிம்லாவுக்குத் திருப்பிக் கொண்டுவாருங்கள். இதை உன் தோழிகளிடம் கூச்சப்படாமல் முதல் நாளே சொல்லிவிடு.

பனி விழுந்தால் முகம் சுருங்காதே. ஸ்பிதி மழை மறைவுப் பகுதி. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றழுத்தத் தாழ்வு கொட்டும் பனிதான் கோடையில் உருகி, வாய்க்கால் வழியாக பார்லிக்கும் பச்சைப் பட்டாணிக்கும் பாய்கிறது. ரொக்கம் தருவது அந்தப் பட்டாணிதான். பனி குறைந்த ஆண்டில் கோடையில் வாய்க்கால் வறண்டுபோகும். பனி பெய்யும் நாளில் உன் படம் கெட்டுப்போகும், சாலை மூடும். அதே நாளில் உன்னைத் தங்கவைத்த வீட்டில் சந்தோஷமாக இருப்பார்கள். மறுநாள் விடியலில் எல்லோரும் மரவாரியோடு மாடி ஏறிப் பனியைத் தள்ளுவார்கள். மண்கூரையில் பனி தங்கினால் ஒழுகும், பாரம் தாங்காமல் தாழ்ந்தும் போகும். நீயும் ஒரு வாரியைக் கேட்டு வாங்கிக்கொள். மெதுவாகத் தள்ளு, மூச்சு வாங்கும்.

கிப்பருக்கு நீ போவது பனிச்சிறுத்தைக்காக என்று தெரியும். குளிர்காலம்தான் அதற்குச் சரியான காலம். பரல் என்னும் நீலச் செம்மறியும் ஐபெக்ஸ் காட்டாடும் மேய்ச்சல் தேடிக் கீழே இறங்கும், சிறுத்தையும் பின்னாலேயே இறங்கும். 2024 தொடக்கத்தில் வெளியான முதல் நாடு தழுவிய கணக்கெடுப்பு இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாகச் சொன்னது. ஆனால் ஊராரின் ஆட்டையும் கன்றுக்குட்டியையும் அடித்துத் தின்னும் விலங்கு அது, அவர்களுக்கு அதனால் நட்டம். மைசூரிலிருந்து இயங்கும் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் கிப்பர் மக்களோடு உட்கார்ந்து பேசி, 1990களின் இறுதியில் ஊர் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் காட்டு விலங்குகளுக்கென்று ஒதுக்க வைத்தார்கள். பிறகு கால்நடைக் காப்பீடும் வந்தது. இன்று அந்த ஊர் இளைஞர்கள்தான் சிறுத்தையைத் தேடிக் காட்டும் வழிகாட்டிகள். எதிர்ச் சரிவில் சாம்பல் பாறையோடு பாறையாகக் கிடப்பதை வெறுங்கண்ணால் கண்டுபிடிப்பார்கள். அவர்கள் நில் என்றால் நில். பக்கத்தில் போய்ப் படமெடுக்க ஆசைப்பட்டு அவர்களைப் பணத்தால் நெருக்காதே. சிறுத்தை கண்ணில் படாமலே நீ திரும்ப நேரலாம், அதற்கும் தயாராக இரு.

கிப்பரிலிருந்து சிச்சம் ஊருக்கு நடந்து போ. நடுவில் ஆழமான பிளவு, அதன் மேல் 2017-இல் திறந்த பாலம். அதற்கு முன் சிச்சம் மக்கள் கம்பியில் தொங்கும் தொட்டியில் உட்கார்ந்து, கயிற்றைக் கையால் இழுத்துக்கொண்டு அந்தப் பிளவைக் கடந்தார்கள். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால் அது என்ன வாழ்க்கை என்று கொஞ்சம் புரியும்.

தாபோவில் இரண்டு இரவு தங்கு. மடாலயம் 996-இல் கட்டியது. வெளியே பார்த்தால் வெறும் மண்சுவர். உள்ளே ஜன்னல் இல்லாத இருட்டில் ஆயிரம் ஆண்டுச் சுவரோவியங்களும், சுவரிலிருந்து முன்னே வந்து அமர்ந்திருக்கும் சுதை உருவங்களும். படமெடுக்க அனுமதியில்லை. நல்லதுதான், கண்ணால் பார்ப்பாய். கண் இருட்டுக்குப் பழகும் வரை பேசாமல் நில்.

மீதி சின்ன விஷயங்கள். தங்கும் வீட்டுக்கு முன்பே போன் செய்து கேட்டுக்கொள், குளிர்காலத்தில் பலர் வீட்டைப் பூட்டிவிட்டு யாத்திரைக்கோ கீழூர்களுக்கோ போய்விடுவார்கள். ரொக்கம் எடுத்துப் போ. உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிரூட்டும். கம்பளி உள்ளாடை வாங்கு. பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் புண்ணாக்கும், நல்ல கறுப்புக் கண்ணாடி வேண்டும். குளிர்கால வாடகை கோடையைவிடக் கூடுதலாக இருந்தால் பேரம் பேசாதே. அதில் விறகும் தண்ணீர் சுமந்த கூலியும் இருக்கின்றன.

போகும்போது கருப்பட்டியும் நல்ல தேயிலையும் எடுத்துப் போய் வீட்டுப் பெரியவர் கையில் கொடு. பிள்ளைகளுக்கு வழியெல்லாம் மிட்டாய் விநியோகிக்காதே, கையேந்தும் பழக்கம் அப்படித்தான் வருகிறது.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்றுதான். கல்காவிலிருந்து எடுத்திருக்கும் திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்து, ஒரு வாரம் தள்ளி வேறு எடு. அலுவலகத்தில் அதற்கு விடுப்பு கிடைக்காது என்றால் இந்த ஆண்டு போகாதே, அடுத்த ஜனவரிக்கு வைத்துக்கொள். விடுப்பு கிடைத்ததும் எனக்குச் சொல். உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா