கிளைத்துத் தழைத்த கருவி

நுழையும்முன்

கட்டுரை எழுதும்போது அடித்தும் திருத்தியும் எழுதுகிறோம். முதலில் எழுதியதே சிறந்தது என்று பின்னர்த் தோன்றினால் அதை மீட்பது எப்படி? ஆயிரக்கணக்கானோர் கூடி ஒரே கணினி நிரலை எழுதும்போது இவ்வினா பெரிதாகிறது. அதற்கு விடையாக அமைந்தவையே பதிப்பு மேலாண்மை மென்பொருள்கள். அவற்றுள் ‘கிட்’ முதலிடம் பெற்ற வரலாற்றை அறிவோம்.

தேவையில் பிறந்தது

லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவை 1991இல் உருவாக்கியவர் பின்லாந்தைச் சேர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ். பல நாட்டு நிரலாளர்கள் அனுப்பிய திருத்தங்களைத் தொகுக்க 2002 முதல் ‘பிட்கீப்பர்’ என்னும் மென்பொருள் பயன்பட்டது. அது தனியார் நிறுவனத்தின் உடைமை. கட்டணமின்றிப் பயன்படுத்த இசைவு தரப்பட்டிருந்தது. 2005இல் அவ்விசைவு விலக்கப்பட்டது. பிறர் கருவியை நம்பிய பெரும்பணி தடுமாறியது. அவ்வாண்டு ஏப்ரலில் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். ஜூனில் வெளிவந்த உட்கருப் பதிப்புக்கு அதுவே துணைநின்றது.

முழுமையும் கிளையும்

அக்காலத்தில் பரவலாக வழங்கிய ‘சப்வெர்ஷன்’ மென்பொருளில் திருத்த வரலாறு முழுவதும் ஒரே சேவையகத்தில் இருக்கும். இணைப்பு அறுந்தால் திருத்தத்தைப் பதிய இயலாது. கிட்டிலோ ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாறும் படியெடுக்கப்படுகிறது. மூல நிரலுக்கு ஊறின்றித் தனிக்கிளையில் புதியதை முயன்று பார்க்கலாம். நன்றெனில் இணைக்கலாம், அன்றெனில் நீக்கலாம். கிளை பிரிப்பது நொடிப்பொழுதில் முடிவதால் தவறு செய்யும் அச்சம் நீங்கியது.

கூடுமிடம் தந்த வலிமை

இத்தகைய பண்புகள் பல கொண்ட ‘மெர்க்குரியல்’ என்னும் மென்பொருளும் அதே ஏப்ரலில்தான் தோன்றியது. எனவே, தரம் மட்டுமே கிட்டின் வெற்றிக்குக் காரணமன்று. 2008இல் தொடங்கப்பட்ட ‘கிட்ஹப்’ தளம், அறிமுகமற்றவரின் நிரலையும் படியெடுத்துத் திருத்தி, ஏற்குமாறு வேண்டும் வழியை எளிதாக்கியது. நிரலாளர் கூடியதால் திட்டங்கள் வந்தன; திட்டங்கள் வந்ததால் மேலும் நிரலாளர் கூடினர்.

2018இல் அத்தளத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் வாங்கியது. ஒரே இடத்தைச் சாராதிருக்கப் பிறந்த கருவி, ஒரே தளத்தால் பெருமை பெற்றது முரணே. எனினும், நிரலின் முழு வரலாறும் அதைப் படியெடுத்தோர் அனைவரிடமும் உள்ளது. தளம் மூடப்பட்டாலும் பணியைத் தொடரலாம். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது, அது நம்மைவிட்டு நீங்கினால் எஞ்சுவது யாது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

நண்பர்கள் நால்வர் கூடி ஒரு கட்டுரை எழுதுக. யார், எதை, ஏன் திருத்தினர் என்பதைக் குறித்துவைத்து, அக்குறிப்பின் பயனை வகுப்பில் கலந்துரையாடுக.